காலடியில் ஒரு கணினி

கிட்டார் பிராசசர் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "இதுல எத்தனை எஃபெக்ட் இருக்கு?" என்றுதான். கடைக்காரரும் அதற்கே காத்திருந்தவர் மாதிரி, "இருநூறுக்கு மேல சார்" என்பார். பக்கத்துப் பெட்டியில் நூற்றிருபதுதான் என்றால் அதன்மீது இருந்த பார்வை சட்டென்று விலகிவிடும். நானும் என் முதல் பெட்டியை இப்படி எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆறு வருடத்தில் அதில் பதினைந்து எஃபெக்டுக்கு மேல் தொட்டதில்லை. மளிகைக் கடையையே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாலும் கை போவது அஞ்சறைப் பெட்டிக்குத்தானே!

அட்டையில் 'மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்' என்று அச்சிட்டிருந்தாலும் நம் மெல்லிசை மேடைகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'பிராசசர்' என்றால் போதும். யோசித்துப் பார்த்தால் அந்தப் பெயர்தான் பொருத்தம். காலால் மிதிக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருப்பது ஒரு கணினி. கிட்டார் தந்தியின் அதிர்வை எண்களாக வாங்கிக்கொண்டு, அவற்றைப் பெருக்கிக் கூட்டி, மறுபடி மின்னழுத்தமாக மாற்றி வெளியே அனுப்புகிறது. இருநூறு எஃபெக்ட் என்பது இருநூறு கணக்கு. கணக்கு போடுவதில் இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் கெட்டிக்காரப் பெட்டிகள்தான். ஒன்றுக்கொன்று வித்தியாசம் பளிச்சென்று தெரிவது அவற்றின் இரண்டு வாசல்களில்: கிட்டார் கேபிள் உள்ளே போகும் வாசல், ஒலி வெளியே வரும் வாசல். வாங்குகிறவர்கள் எட்டிப் பார்க்காத இடங்களும் அவைதான்.

ஊற்றுக் குறைந்த கிணறு

முன்வாசலுக்கு முதலில் போவோம். எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது, காந்தத்தின் மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும், சுற்று ஏழெட்டாயிரம். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல். இப்படிப் பிறக்கும் மின்சாரம் மிகவும் சொற்பம். அவசரப்பட்டு இழுத்தால் அதுவும் கிடைக்காது.

ஊற்றுக் குறைந்த கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியால் நிதானமாக மொண்டால் நாள் முழுக்கத் தண்ணீர் உண்டு. அதில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினால் இரண்டு நிமிடத்தில் சேறுதான் வரும். பிக்கப் அந்தக் கிணறு. அதை எதில் செருகுகிறோமோ அந்தக் கருவியின் 'இம்பீடன்ஸ்', அதாவது உள்ளீட்டு மின்மறுப்பு, குறைவாக இருந்தால் அது பெரிய மோட்டார். அதிகமாக இருந்தால் வாளி.

சுருளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதிர்வெண் ஏற ஏற அதன் மறுப்பும் ஏறும். 2.5 ஹென்றி தூண்டம் உள்ள ஒரு பிக்கப்பை எடுத்துக்கொண்டால், 200 ஹெர்ட்ஸில் அதன் தூண்டல் மறுப்பு சுமார் 3,000 ஓம். 3,000 ஹெர்ட்ஸில் அதுவே 47,000 ஓம் ஆகிவிடும். இந்தக் கிட்டாரைக் கொண்டுபோய் 10,000 ஓம் மட்டுமே உள்ள மிக்சரின் லைன் வாசலில் செருகினால், கீழ் சுரங்கள் பாதிக்கு மேல் தப்பி வந்துவிடும். 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்திலோ ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கிட்டாரின் மினுமினுப்பு குடியிருப்பது அந்த வட்டாரத்தில்தான். "சவுண்டு போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குண்ணே" என்று மேடையில் யாராவது சொன்னால், முதலில் எது எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள்.

நல்ல பிராசசரின் கிட்டார் வாசலில் 1 மெகாஓம், அதாவது பத்து லட்சம் ஓம் இருக்கும். இந்த எண்ணை அட்டையின் முன்பக்கத்தில் போட மாட்டார்கள். மேனுவலின் கடைசிப் பக்கத்தில், எடை எவ்வளவு, அடாப்டர் எத்தனை வோல்ட் என்பதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தேடிப் படிக்க வேண்டிய எண் அது.

கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. சாதாரணக் கிட்டார் கேபிள் மீட்டருக்கு 100 பைக்கோ ஃபாரட் போல மின்தேக்கத்தைச் சேர்க்கும். பிக்கப்பின் சுருளும் கேபிளின் தேக்கமும் சேர்ந்தால் ஓர் ஊஞ்சல். அதற்கென்று இயல்பான ஓர் அதிர்வெண் இருக்கும், அங்கே ஒலி தூக்கலாகக் கேட்கும். நம் 2.5 ஹென்றி பிக்கப்புக்கு 5 மீட்டர் கேபிள் போட்டால் அந்தத் தூக்கல் 4,500 ஹெர்ட்ஸில் விழும். 10 மீட்டர் போட்டால் 3,200க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றியதும் கிட்டாரே மாறிவிட்டது போலத் தோன்றுவது பிரமை இல்லை. பிராசசருக்குப் பிறகு வரும் கேபிள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தத் தொல்லை பெரிதாக இராது. அங்கே பெட்டியின் சொந்த மின்சுற்று கேபிளை அடக்கி ஆள்கிறது. ஆகவே மேடையில் கிட்டாருக்கும் பெட்டிக்கும் நடுவில் குட்டைக் கேபிள், பெட்டிக்கும் மிக்சருக்கும் நடுவில் நெட்டைக் கேபிள்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் பாலத்துக்கு அடியில் பீசோ பிக்கப் மட்டும் இருந்து, அதற்கு உள்ளேயே ப்ரீஆம்ப் இல்லாவிட்டால் கதை தலைகீழ். பீசோ ஒரு சின்ன மின்தேக்கி மாதிரி. அது 500 பைக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 1 மெகாஓம் வாசலில் 318 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். ப்ளாஸ்டிக் டப்பாவைத் தட்டுவது போல அது கேட்பதற்கு இதுதான் காரணம். பீசோவுக்குப் பத்து மெகாஓம் வேண்டும். சில பெட்டிகளில் இம்பீடன்ஸை மாற்றிக்கொள்ள வசதி உண்டு. இரண்டு வகைக் கிட்டாரும் வாசிப்பவர் அதைக் கேட்டு வாங்கலாம்.

மில்லி வினாடிக்கு ஒன்றரைச் சாண்

உள்ளே நுழைந்த மின் அலை இனி எண்ணாகிறது. பெரும்பாலான பெட்டிகள் வினாடிக்கு 48,000 முறை அளவெடுக்கின்றன. ஒவ்வோர் அளவும் 24 பிட். அதாவது 1,67,77,216 படிகளில் ஒன்று. இந்த நுணுக்கம் தாராளம். 96,000 முறை அளவெடுக்கிறோம் என்று விளம்பரம் செய்தால் அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். கிட்டாரின் 24ஆவது ஃபிரெட்டில் பிறக்கும் உச்ச சுரமே 1,319 ஹெர்ட்ஸ்தான். அதன் மேல்சுரங்களையும் கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டி அவ்வளவாக விடுவதில்லை.

இதைவிட விரலுக்கு நேரடியாகத் தெரிவது தாமதம். அளவெடுக்க, கணக்குப் போட, மறுபடி மின்னழுத்தமாக்க என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எல்லாம் சேர்த்து நல்ல பெட்டியில் இரண்டு மூன்று மில்லி வினாடி. இது அதிகமா குறைவா என்று தெரிந்துகொள்ள ஒலியின் வேகத்தோடு ஒப்பிடலாம். நம்மூர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகும். மில்லி வினாடிக்கு 35 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒன்றரைச் சாண். மூன்று மில்லி வினாடித் தாமதம் என்றால் ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று பொருள். அதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இன்றைய மேடையில் பிராசசர் தனியாக இல்லை. டிஜிட்டல் ஒயர்லெஸ் ஒரு மூன்று, பிராசசர் ஒரு மூன்று, டிஜிட்டல் மிக்சர் ஒரு இரண்டு, காதுக்குள் போகும் ஒயர்லெஸ் மானிட்டர் டிஜிட்டல் என்றால் அது ஒரு மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால் பதினொன்றைத் தொடும். இப்போது ஆம்ப் நான்கு மீட்டர் தள்ளிப் போய்விட்டது. வேகமான லீட் வாசிக்கும்போது விரல் ஒருபுறம், சுரம் ஒருபுறம் என்று ஓர் ஒவ்வாமை தட்டும். ஏதாவது ஒன்றைக் கம்பியாக்கினாலே பாதி சரியாகிவிடும்.

எவ்வளவு விலை கொடுத்தாலும் தாமதம் குறையாத இடம் ஒன்று உண்டு. தந்தியைத் தளர்த்தாமலே கட்டையை இறக்கிக் காட்டும் பிட்ச் எஃபெக்ட். ஒரு சுரம் என்னவென்று தெரிய அதன் ஒரு முழு அலையாவது வந்து சேர வேண்டும். அடித்தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்கு ஓர் அலை 12 மில்லி வினாடி. இயற்கை வைத்த வரம்பு இது. மேல்தந்திகளில் துள்ளலாக இருக்கும் அதே எஃபெக்ட், கீழ்த்தந்தியில் சோம்பல் முறிப்பது இதனால்தான்.

பழுதில் பிறந்த ஒலி

இருநூறு எஃபெக்ட் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வந்த எண்களை நினைவகத்தில் வைத்திருந்து, சற்று நேரம் கழித்து அசலோடு சேர்ப்பது ஒரு கணக்கு. சில மில்லி வினாடி தாமதித்து, அந்தத் தாமதத்தையே மெல்ல ஆட்டினால் ஃபிளாஞ்சர். இருபது மில்லி வினாடி வட்டாரத்தில் ஆட்டினால் கோரஸ். முந்நூறு, நானூறு என்று போனால் எதிரொலி. ஆயிரக்கணக்கான எதிரொலிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ரிவர்ப். 1959இல் வந்த எக்கோபிளெக்ஸ் இதற்குக் காந்த நாடாவை ஓட்டியது. 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர், தீயணைக்க வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவது போல மின்னூட்டத்தை ஒரு தேக்கியிலிருந்து அடுத்த தேக்கிக்குக் கைமாற்றும் சில்லை உருவாக்கினார்கள். கணினிக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. ஒரு வினாடி தாமதத்துக்கு 48,000 எண்களை வைக்க இடம் இருந்தால் போதும். அட்டையில் அச்சிட்ட பெயர்களில் பெரும்பகுதி இந்த ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பிகள். மலிவான பெட்டியிலும் அவர்கள் நன்றாகவே இருப்பார்கள்.

பெட்டியின் தரத்தைச் சோதிக்க வேண்டிய இடம் டிஸ்டார்ஷன். இதன் பிறப்பே விசித்திரமானது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டுக்கு கிரேடி மார்ட்டின் என்ற கிட்டாரிஸ்ட் வாசித்தபோது, ஒலிப்பதிவு மிக்சரின் ஒரு பகுதி பழுதாகி, கிட்டார் கரகரவென்று கிழிந்து பதிவானது. அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். 1961இல் அந்தப் பாட்டு வெளிவந்தபோது மற்றவர்களும் அதே கரகரப்பைக் கேட்டு வந்தார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே பழுதை வேண்டுமென்றே செய்யும் மின்சுற்றை உருவாக்க, 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலாக விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் அதை மிதித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நடப்பது இதுதான். அலையின் உச்சியை மின்சுற்று வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் புதிய மேல்சுரங்கள் முளைக்கின்றன. இரண்டு சுரங்களைச் சேர்த்து வெட்டினாலோ, அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடச் சுரங்களாகப் பிறக்கும். 110 ஹெர்ட்ஸ் சுரத்தோடு அதன் பஞ்சமமான 165ஐ வைத்து வாசித்தால் வித்தியாசம் 55. அடிச் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. நாம் வாசிக்காத அந்தக் கீழ்ச் சுரத்தைக் கணக்கு வாசித்துவிடுகிறது. ராக் இசைக்காரர்களின் பவர் கார்டு இரண்டே சுரத்தில் அவ்வளவு கனமாக ஒலிப்பதற்குப் பின்னால் இருக்கும் எண் இந்த 55. அதே 110ஓடு 138.6ஐ, அதாவது அந்தர காந்தாரத்தை, சேர்த்து வெட்டினால் வித்தியாசம் 28.6. எந்தச் சுரத்தோடும் ஒட்டாத எண். முழு மேஜர் கார்டை டிஸ்டார்ஷனில் பிடித்தால் குழம்பிப் போவது இதனால்தான். தவறு விரலில் இல்லை.

எஃபெக்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. தாளித்துவிட்டு வேகவைப்பதும் வேகவைத்துத் தாளிப்பதும் ஒரே குழம்பைத் தராது. எதிரொலியை முன்னால் வைத்து டிஸ்டார்ஷனைப் பின்னால் வைத்தால், வாசித்த சுரமும் எதிரொலியும் ஒன்றாக வெட்டுப்பட்டு, கூட்டலும் கழித்தலுமாகச் சேறாகிவிடும். டிஸ்டார்ஷன் முன்னால், எதிரொலி பின்னால் என்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும். எதிரொலியையும் ரிவர்பையும் தங்களுக்குள் முன்பின் மாற்றினால் பெரிதாக எதுவும் ஆகாது, இரண்டும் வெறும் கூட்டல் கணக்குகள் என்பதால். வெட்டும் கணக்கு எங்கே வருகிறதோ அங்கேதான் வரிசை முக்கியம்.

இந்த வெட்டுதான் கணினிக்கும் சோதனை. வினாடிக்கு 48,000 அளவெடுக்கும் பெட்டிக்கு 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் தெரியும். அதற்கு மேல் எந்தச் சுரம் முளைத்தாலும் அது கண்ணாடியில் பட்டதுபோல மடங்கிக் கீழே விழும். 1,000 ஹெர்ட்ஸ் சுரத்தைக் கடுமையாக வெட்டினால் அதன் 45ஆவது மேல்சுரம் 45,000. அது மடங்கி 3,000இல் வந்து நிற்கும். தந்தியை இழுத்துச் சுரத்தை 1,020க்கு ஏற்றினால் மேல்சுரம் 45,900 ஆகும். மடங்கியது 2,100க்கு இறங்கும். நீங்கள் ஏற்றுகிறீர்கள், பின்னால் ஏதோ ஒரு பேய் இறங்குகிறது! நல்ல பெட்டிகள் டிஸ்டார்ஷன் கணக்கை மட்டும் எட்டு மடங்கு வேகத்தில் போட்டு, மேலே முளைத்தவற்றை வடிகட்டிவிட்டு, பிறகு 48,000க்குத் திரும்புகின்றன. எட்டு மடங்கு போடுகிறதா, சோம்பேறித்தனம் செய்கிறதா என்று மேனுவல் சொல்லாது. காது சொல்லும். அதிகபட்ச கெயின் வைத்து, முதல் தந்தியில் உயரத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். இறங்கும் கீச்சொலி கேட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. உண்மையான வால்வு ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்து, ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கி, அந்த ஆம்ப்பைப் போல நடந்துகொள்ள வைப்பது. 2011இல் கெம்ப்பர் தன் சொந்த முறையில் ஆம்ப்பைப் படமெடுக்கும் வழியைத் தொடங்கிவைத்தது. பிறகு குவாட் கார்ட்டெக்ஸ், டோன்எக்ஸ் என்று வரிசை கட்டின; 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இதைக் கேட்டால் மயக்கம்தான் வரும், அவ்வளவு அச்சு அசல். ஆனால் பெரும்பாலும் இது ஆம்ப்பின் குமிழ்கள் ஒரு நிலையில் இருந்தபோது எடுத்த போட்டோ. போட்டோவில் இருப்பவரிடம் கொஞ்சம் தலையைத் திருப்பச் சொல்ல முடியாது. ஸ்டுடியோவில் அதுவே போதும். மேடையில் பாட்டுக்குப் பாட்டு கெயினைத் திருகுகிறவருக்கு, மின்சுற்றையே கணக்காக எழுதிய பழைய வகை மாடல்தான் கைக்கு அடங்கும் என்பது என் அபிப்பிராயம்.

கடைசி வாசல்

மேற்கத்திய ராக் குழுவில் கிட்டாரிஸ்டுக்குப் பின்னால் ஆம்ப் நிற்கும். நம் மெல்லிசை மேடையில் பெரும்பாலும் கிட்டாரிஸ்டுக்குப் பின்னால் தபேலாக்காரர்தான் இருப்பார். பிராசசரிலிருந்து நேராக மிக்சருக்கு லைன் போய்விடும். பின்வாசல் நமக்கு அவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

பன்னிரண்டு அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர், ஒலிபெருக்கி என்று பார்த்தால் மட்டமான ஒலிபெருக்கி. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மூச்சு வாங்கும். டிஸ்டார்ஷன் பிறப்பிக்கும் கீச்சொலிக் குப்பையைக் கூட்டித் தள்ளுவது அந்த மட்டத்தனம்தான். ஸ்பீக்கர் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக மிக்சரில் விட்டால் தகர டப்பாவுக்குள் தேனீக்களை அடைத்த சத்தம் வரும். ஆகவே பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கரையும் கணக்காகப் போட வேண்டியிருக்கிறது. கோயில் மண்டபத்தில் ஒரே ஒரு முறை கை தட்டி, அது தேய்ந்து அடங்கும்வரை பதிவு செய்தால், அந்த மண்டபத்தின் குணம் முழுவதும் அந்தப் பதிவில் இருக்கும். அதேபோல ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு 'தட்டு' கொடுத்து எதிரே மைக் வைத்து எடுத்த பதிவுக்கு ஐஆர் என்று பெயர். கிட்டாரிலிருந்து வரும் ஒவ்வோர் எண்ணையும் ஒரு குட்டித் தட்டாகப் பாவித்து, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பதிவை மறுபடி மறுபடி ஒலிக்கவிட்டுக் கூட்டுவதுதான் கணக்கு. 2,048 எண்கள் கொண்ட ஐஆர் 43 மில்லி வினாடி நீளம். அப்படியே நேராகப் பெருக்கினால் வினாடிக்கு 9.8 கோடிப் பெருக்கல். கால் மிதிக்கும் பெட்டி இதைச் சலிக்காமல் செய்கிறது.

என் அனுபவத்தில், ஆம்ப் மாடலை மாற்றினால் வரும் வித்தியாசத்தைவிட ஐஆரை மாற்றினால் வரும் வித்தியாசம் பெரிது. பதிவு செய்யும்போது மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து மூன்று சென்டிமீட்டர் நகர்த்தியிருந்தால்கூட வேறு கிட்டார் மாதிரி கேட்கும். வெளியிலிருந்து ஐஆர் ஏற்றிக்கொள்ள முடியாத பெட்டியை இந்தக் காலத்தில் வாங்கவே வேண்டாம்.

இதே வாசலில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஐஆர் போட்ட ஒலியை உண்மையான கிட்டார் ஆம்ப்புக்கு அனுப்பினால் ஸ்பீக்கருக்குள் ஸ்பீக்கர். ஒலி கிணற்றடியிலிருந்து வரும். ஐஆரை அணைத்துவிட்டு மிக்சருக்கு அனுப்பினால் தேனீ. இரண்டு வெளிவாசல்கள் இருந்து, மிக்சருக்குப் போவதில் மட்டும் ஐஆர், ஆம்ப்புக்குப் போவதில் இல்லை என்று தனித்தனியாக வைக்க முடிந்தால் அந்தப் பெட்டி மேடைக்காரர்களின் பெட்டி. மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் வாசலில் 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் அந்த 50 ஹெர்ட்ஸ் ஹம்மை நிறுத்த அது ஒன்றே கை கொடுத்த இரவுகள் உண்டு.

பின்வாசலுக்கு அப்பால் இன்னும் ஒரு கருவி இருக்கிறது: காது. சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரிக்காக நாலு ராத்திரி உட்கார்ந்து, ஹெட்ஃபோனில் பேட்ச், அதாவது எஃபெக்டுகளை அளவு வைத்து அடுக்கிய ஒரு தொகுப்பு, செய்தேன். அடியில் கனம், மேலே பளபளப்பு, கேட்கவே சுகமாக இருந்தது. மேடையில் முதல் இன்டர்லூட் முடிந்ததும் சவுண்டுத் தம்பி பக்கத்தில் வந்து, "அண்ணே, கை ஓடுறது தெரியுது, சத்தம் தெரியல" என்றான். ஃபேடரை ஏற்றினான். பாஸ் கிட்டாரோடு மோதி இரைச்சல்தான் கூடியது.

1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து சொன்ன உண்மை என் பேட்ச்சைக் கவிழ்த்துவிட்டிருந்தது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிச் சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் சரியாகக் கேட்பதில்லை, நடுப்பகுதிதான் கேட்கும். அந்தக் குறையை ஈடுகட்ட அடியையும் மேலேயும் ஏற்றி, நடுவைத் தோண்டிவிடுகிறோம். சத்தம் ஏறியதும் காது சமநிலைக்கு வருகிறது. அடி இரைகிறது, மேலே குத்துகிறது. கிட்டார் உண்மையில் குடியிருக்கும் 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை குழி. இடைவேளையில் நடுப்பகுதியை ஏற்றி, அடியை வெட்டினேன். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த ஒலி. குழுவோடு சேர்ந்தபோது பிசிறில்லாமல் முன்னால் வந்து நின்றது. பேட்ச்சை மேடைச் சத்தத்தில் திருத்த வேண்டும். முடியாவிட்டால் உண்மையான பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்த்துத் திருத்த வேண்டும்.

காலுக்கு வருவோம். பல்லவிக்கு கிளீன், இன்டர்லூட்டுக்கு லீட் என்று மாற நமக்குக் கிடைப்பது ஒரு அடி நேரம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அது அரை வினாடி. மலிவான பெட்டிகள் ஒரு பேட்ச்சை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கண நேரம் ஊமையாகும். முந்தைய சுரத்தின் எதிரொலியும் கத்தரித்தது போல அறுந்துவிடும். ஒரே பேட்ச்சுக்குள் எதை அணைப்பது எதை எழுப்புவது என்று தொகுத்து வைக்கும் 'சீன்' அல்லது 'ஸ்னாப்ஷாட்' வசதி இருந்தால் இந்த இடைவெளி இல்லை. கடையில் நீண்ட எதிரொலி வைத்து ஒரு சுரத்தை வாசித்துவிட்டு உடனே மாற்றிப் பாருங்கள். அறுகிறதா தொடர்கிறதா என்று இரண்டு வினாடியில் தெரிந்துவிடும். தாளத்தைக் காலால் தட்டி எதிரொலியைச் சேர்க்கும் 'டேப் டெம்போ' மிதி தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்டுடியோவில் கால் சும்மா இருக்கும். அங்கே வேண்டியது யூஎஸ்பி வழியாக ஒரே நேரத்தில் இரண்டு தடங்களைப் பதியும் வசதி: ஒன்றில் எஃபெக்ட் போட்ட ஒலி, இன்னொன்றில் கிட்டாரின் பச்சை ஒலி. அந்தப் பச்சை ஒலி இருந்தால், ஆறு மாதம் கழித்து இசையமைப்பாளர் "டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் குறைக்கலாமே" என்றாலும் மறுபடி வாசிக்க வேண்டாம். பதிந்ததைப் பெட்டிக்குள் திருப்பி ஓடவிட்டு வேறு ஆம்ப் போட்டு எடுத்துவிடலாம். இதை 'ரீஆம்பிங்' என்பார்கள். மேடையே கதி என்று இருப்பவர் இதற்காகக் கூடுதல் செலவு செய்ய வேண்டியதில்லை.

அடாப்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பல பெடல்களில் பின்னின் நடுப்பகுதி மைனஸ். சந்தையில் கிடைக்கும் சாதாரண 9 வோல்ட் அடாப்டர்கள் பலவற்றில் நடுப்பகுதி பிளஸ். வோல்ட் ஒன்றுதானே என்று மாற்றிச் செருகிப் பெட்டியைப் புகைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரிஜினல் அடாப்டரையும் இன்னொரு ஒரிஜினல் அடாப்டரையும் பையில் வையுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஹெட்ஃபோனை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி, ஒரு பவர்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லி, சத்தத்தை மேடை அளவுக்கு ஏற்றுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கொடுக்கப் போவது உங்கள் பணம்தான். இப்போது என் காலடியில் இருப்பது மூன்று மிதி உள்ள ஒரு சின்னப் பெட்டி. மூன்று மணி நேரக் கச்சேரியை அதில் நான்கு பேட்ச் வைத்து வாசிக்கிறேன்.